நேற்றும் பார்த்திருக்கிறாள் மகாராணி

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, பூட்டிக் கிடந்த என் வீட்டுக்குள் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள் என்று சொல்லி, உங்களைப் போன வாரம் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். திட்டியிருப்பீர்கள். திட்டலாம். நானும் அன்றைக்கு சாவியும் கையுமாக அங்கேதான் நின்றேன்.

கதவைத் திறந்தால் யாரும் இல்லை. குரலும் நின்றுவிட்டது. ஹாலில் டிவி அணைந்திருந்தது, ஆனால் அதன் முதுகைத் தொட்டால் சுட்டது. சோபாவின் இடது ஓரத்தில் மட்டும் மெத்தை அமுங்கியிருந்து, நான் பார்க்கப் பார்க்க மெல்ல மேலே வந்தது. பால்கனிக் கதவு தாழ் போட்டபடி இருந்தது. சமையலறைப் பின்கதவை நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மூளை எங்கே ஓடுகிறது?

இன்றைக்குத்தான் முதல்முறையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு நாலு வரி. நான் இந்த வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவள். வந்து பத்து மாதம் ஆகிறது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாற்பது வயது வரைக்கும் ஒண்டிக்கட்டையாக இருந்து, இனிமேல் இவளுக்கு எங்கே என்று எல்லாரும் கைகழுவின பிறகு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டேன். அவருக்குப் பதினேழு வயதில் ஒரு மகள். வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள்.

குருவியின் அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அவங்களை என் வீட்டுக்காரர் மகாராணி என்றுதான் கூப்பிடுவாராம். சோபாவின் இடது ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தால், மொத்த வீட்டையும் அங்கிருந்தே நடத்திவிடுவாங்களாம். அந்த ஓரத்தில் இன்றுவரை நான் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதும் இல்லை.

குருவி என்னை எதுவும் கூப்பிட மாட்டாள். சித்தி கிடையாது, ஆன்ட்டி கிடையாது. "இங்க பாருங்க" தான். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. சண்டைக்கு வருகிற பிள்ளை என்றால் சமாதானம் பேசலாம். மரியாதையாக இருக்கிற பிள்ளையை என்ன செய்வது? பத்து மாதமாக எனக்கு இருக்கிற ஒரே ஆசை, அவள் ஒருநாள் தானாக என் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதுதான். வேறு எதுவும் நான் இந்த வீட்டில் கேட்டதில்லை.

சரி, ஹாலில் இருந்த பழைய டிவிப் பெட்டிக்கு வருகிறேன்.

அது மகாராணியோடு அவங்க பிறந்த வீட்டிலிருந்து வந்தது. நாலு குட்டைக் கால். பழுப்பு வார்னிஷ். முன்பக்கம் வலது இடது இரண்டு புறமும் இழுத்து மூடுகிற, மரச்சட்டம் கோத்த ஷட்டர். உள்ளே உயிர் போய்ப் பதினைந்து வருஷமான பிக்சர் டியூப். அதன் தலைமேல்தான் நாங்கள் பார்க்கிற சின்ன டிவி உட்கார்ந்திருந்தது. செத்தவர் மடியில் குழந்தையை உட்கார வைத்த மாதிரி இருக்கும் எனக்கு.

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன். "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேணாம். உள்ள இருக்கிறதை எடுத்துட்டு, புது டிவி, ஸ்பீக்கர், ரவுட்டர் எல்லாத்தையும் அதுக்குள்ளயே வச்சுடலாம். வெளிய அதே பெட்டிதான்."

"செஞ்சுடலாம்," என்றார் இவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. எனக்கு அதிசயமாகப் போய்விட்டது. ஒரு குழாய் வாஷர் மாற்றவே மூன்று வாரம் யோசிக்கிற மனுஷன்.

குருவியைப் பார்த்தேன். "உங்க இஷ்டம்," என்றாள்.

இந்த 'உங்க இஷ்டம்' எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிற சிலர் கடைசி வரி எழுத்து கலங்கலாகத் தெரிந்தாலும், "தெரியுது, தெரியுது" என்று தலையை ஆட்டுவார்கள். எப்போது எழுந்து போகலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அலங்காரத்துக்காக நான் இதை ஆரம்பிக்கவில்லை. பயத்தில் ஆரம்பித்தேன். மற்றவர்கள் பேய் விரட்ட மந்திரவாதியைக் கூப்பிடுவார்கள், நான் கார்ப்பென்டரைக் கூப்பிட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு இரண்டு பேர் வந்தார்கள். கார்ப்பென்டர் வாய் ஓயாதவர். டிவிக்காரர் வாயே திறக்காதவர். குருவி கோச்சிங் கிளாஸுக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு நிமிஷம் பெட்டியைப் பார்த்தாள். என்னிடம் என்னவோ கேட்க வந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. ஒன்றரைக்கு வந்துடுவேன்," என்று போய்விட்டாள்.

டிவிக்காரர் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்க அட்டையைக் கழற்றினார். உள்ளே தூசி, போர்வை மாதிரி. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் தண்டில் ஒயரைச் சுற்றி, ஒயரின் மறுமுனையை டியூபைச் சுற்றியிருந்த உலோகப் பட்டையில் கவ்வ வைத்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க. டியூபுக்குள்ள கரண்ட் தங்கி நிக்கும். பிளக்கைப் பிடுங்கினா போயிடும்னு நினைப்பாங்க. போகாது."

"இது ஓடிப் பதினஞ்சு வருஷம் ஆச்சேப்பா," என்றார் கார்ப்பென்டர்.

"அப்ப இருக்காதுதான். இருந்தாலும் வீட்ல எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

டியூபின் தோளில் இருந்த ரப்பர் மூடிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர் நுனியை நுழைத்தார். டக் என்றது. பெரிய சத்தம் இல்லை, நகம் வெட்டுகிற சத்தம்தான். ஆனால் டிவிக்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அவரே எதிர்பார்க்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கரண்டை இறக்கணும்," என்றார். "ஒரு தடவை இறக்கிட்டாலும் கொஞ்சம் திரும்ப ஊறி நிக்கும்."

"நாலு வருஷம் ஆனாலுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

பதினைந்து வருஷத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். யாரும் அவரைத் திருத்தவில்லை. நான் சமையலறைக்குப் போய் டீ போட ஆரம்பித்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் யாரோ நின்றுகொண்டிருப்பது புதிதில்லை. அன்றைக்குத்தான் அது வாய்விட்டு வெளியே வந்தது.

டீ கொதிப்பதற்குள் அவர் போன் அடித்தது. மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். உள்ளே மூன்று பேர், ஒரு ஃபிரிட்ஜ்.

"ஃபிரிட்ஜை எதுக்கு ஆள் போற லிஃப்ட்ல ஏத்தினாங்க?" என்றேன்.

"அதை உள்ள இருக்கிறவங்ககிட்ட கேக்கிறேன்," என்று டூல் பையைத் தூக்கிக்கொண்டார். போகும்போது டிவிக்காரரிடம் மட்டும் தனியாக, "அந்த டியூபை உடைச்சுடாதீங்க. பால்கனியில வச்சிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு வேலை சூடு பிடித்தது. கார்ப்பென்டர் அளவு எடுத்துக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே அறுத்தார். டியூபுக்கும் பழைய ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்த மரத் தடுப்பை எடுத்தால்தான் முப்பத்திரண்டு இன்ச் டிவி உட்காரும். எடுத்தார். ஷட்டர் ஓடுகிற காடியில் மெழுகுவத்தியைத் தேய்த்தார். பின் அட்டையில் சூடு வெளியே போக வரிசையாக ஓட்டை போட்டார். ஸ்பீக்கர்களை இரண்டு ஓரத்திலும் நிறுத்தி, முன்னால் பழுப்புத் துணி இழுத்துக் கட்டினார். கீழ்த்தட்டில் ரவுட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஒயர் எல்லாம் போய் ஒளிந்துகொண்டது.

"பாருங்கக்கா," என்று ஷட்டரை ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் ஓடி மூடிக்கொண்டது. "உள்ளேர்ந்து யாரோ இழுத்த மாதிரி இல்ல?"

"இந்த வீட்ல அப்படிப் பேசாதீங்க," என்றேன். தமாஷாகத்தான் சொன்னேன். என் குரல் தமாஷாக வரவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு கார்ப்பென்டர் கிளம்பிவிட்டார். பெட்டி நிஜமாகவே அழகாக இருந்தது. பழைய முகம், உள்ளே புதுக் கண். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இனி இது என் பொருள், நான் செய்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிம்மதிக்கு ஆயுசு பத்து நிமிஷம்.

டிவிக்காரர் படம் பார்க்கிற ஆப்பைப் போட்டார். என் வீட்டுக்காரருடைய கணக்குதான், எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டைக் கொடுத்தேன். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டுத் திரையில் ஐந்து வட்டம் வந்தது. இவருக்கு ஒரு கார். குருவிக்குப் பூனை. என் நாத்தனாருக்கு ஒரு பூ. நாத்தனார் பிள்ளைகளுக்கு ரோபோ. ஐந்தாவது ஒரு பச்சை ஆந்தை. அதன் கீழே 'மகாராணி'.

"இதுல உங்களது எது மேடம்?"

"எனக்கு இல்ல. அவரோடதுலதான் பாப்பேன்."

"புதுசா போடலாம்னா அஞ்சு பேருக்குத்தான் இடம். ஒண்ணை எடுத்தாத்தான் உங்களைச் சேர்க்க முடியும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? பத்து மாதமாக என் மனசுக்குள் ஓடுகிற வாக்கியத்தை ஒரு டிவிக்காரர் சத்தமாகச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

"அந்த ஆந்தையைத் திறங்க," என்றேன்.

திறந்தார். 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் ஒரே ஒரு சீரியல். குங்குமச் சிவப்பில் ஒரு கோடு, பாதி தூரம் ஓடி நின்றிருந்தது. எபிசோட் நானூற்றுப் பன்னிரண்டு.

"இதைக் கடைசியா எப்ப பார்த்தாங்கன்னு தெரியுமா?"

அவர் ரிமோட்டில் எங்கெங்கோ போனார். பட்டியல் ஒன்று வந்தது. "நேத்து சாயங்காலம் மேடம். அதுக்கு முந்தின நாளும் இருக்கு. செவ்வாய்க்கிழமையும் இருக்கு."

"வேற யாராவது வேற வீட்லேர்ந்து..."

"இல்ல, ஹால் டிவின்னு போட்டிருக்கு. இப்ப கீழ இறக்கி வச்சோமே, அந்தச் சின்னது."

பால்கனிக்குப் போய் இவருக்கு போன் போட்டேன். பிக்சர் டியூப் அங்கே பழைய பெட்ஷீட்டின் மேல் கிடந்தது. சாம்பல் கண்ணாடியில் என் உருவம் வளைந்து தெரிந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"சீக்கிரம் சொல்லு, லிஃப்ட் குழிக்குள்ள இருக்கேன்," என்றார். பின்னால் யாரோ ஃபிரிட்ஜைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மகாராணின்னு இருக்கிறதுல யாருங்க சீரியல் பாக்கிறது?"

"நீதானே?" என்றார்.

"நானா?"

"என் போன்லயும் தெரியும்ல. ஒவ்வொரு எபிசோடா நகர்ந்துட்டே இருக்கும். அவ விட்ட இடத்துலேர்ந்து நீ பாக்கிறேன்னு நினைச்சேன். கேட்டா வெட்கப்பட்டு நிறுத்திடுவியோன்னு கேக்கல." மூச்சு வாங்கினார். "எத்தனை நாள் அதைப் பாத்துப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கேன் தெரியுமா? யார் செய்வாங்க இதெல்லாம்னு."

"நான் பாக்கலைங்க. நீங்க பாக்கலையா?"

"நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். எனக்கு முடியாது." குரல் மாறிவிட்டது. "அப்ப யாரு?"

நான் போனை வைத்துவிட்டேன்.

தினமும் காலையில் நான் எழுவதற்குள் என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்திருப்பார். நான் பஸ்ஸில் ஏறும்வரை பால்கனியில் நின்று பார்ப்பார். இந்த வயசில் நமக்கும் இப்படி ஒரு பாக்கியமா என்று நான் பூரித்துப் போயிருக்கிறேன். அத்தனையும் நான் செய்யாத ஒரு காரியத்துக்குக் கிடைத்த நன்றி என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் நேசித்தது, முதல் மனைவி விட்ட கதையை உட்கார்ந்து பார்க்கிற ஒருத்தியை. அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லவே இல்லை.

பயம் ஒரு பக்கம். வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் மனுஷி மனுஷியாக இருக்க மாட்டாள். ஹாலுக்கு வந்தேன்.

"அந்த ஆந்தையை எடுத்துடுங்க. அங்க என் பேரைப் போடுங்க."

டிவிக்காரர் தயங்கினார். "எடுத்தா திரும்ப வராது மேடம். எதுவரைக்கும் பார்த்தாங்கங்கிறதெல்லாம் போயிடும். ஸாரைக் கேட்டுட்டு..."

"கொடுங்க ரிமோட்டை," என்று வாங்கி நானே அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. அதற்கும் அழுத்தினேன். ஐந்து நாலானது.

அப்போது கதவு திறந்தது. ஒன்றரை மணிகூட ஆகவில்லை, குருவி வந்துவிட்டாள்.

பையைக் கழற்றாமல் நின்று பெட்டியைப் பார்த்தாள். கொஞ்சம் முகம் மலர்ந்த மாதிரிகூட இருந்தது. பிறகு திரையைப் பார்த்தாள். அவள் கண் கார், பூனை, பூ, ரோபோ என்று வரிசையாகப் போய், அதற்கு அப்புறம் இருந்த காலி இடத்தில் நின்றுவிட்டது. தினமும் நூறு பேருக்கு எழுத்துப் பலகையைக் காட்டுகிறவள் நான். ஒருத்தர் கண் எதைத் தேடுகிறது என்று எனக்குத் தெரியும்.

"அங்க ஒண்ணு இருந்துச்சே," என்றாள்.

டிவிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனுஷன். "கை தவறி அழுத்திட்டேன் பாப்பா. என் தப்புதான். மன்னிச்சுக்கோ," என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதவே கூசுகிறது, ஆனால் திறக்கவில்லை. அவர் பையைக் கட்டிக்கொண்டு படியிறங்கும்வரை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குருவி அழவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "பரவாயில்ல, அவர் வேணும்னா பண்ணாரு?" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் எடுக்கல. நான்தான் எடுத்தேன். அவர் வேணாம்னு சொன்னார், நானே ரிமோட்டைப் பிடுங்கி எடுத்தேன்."

அவள் சோபாவின் வலது ஓரத்தில் உட்கார்ந்தாள். திட்டு, கத்து, எதையாவது தூக்கிப் போடு என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க," என்றாள் கடைசியில். "அந்தக் கதையிலயும் புதுசா வந்தவங்க இதைத்தான் செஞ்சாங்க."

"எந்தக் கதையில?"

பிறகு சொன்னாள். பத்து மாதத்தில் என்னிடம் அவள் பேசிய மொத்தப் பேச்சும் அந்த அரைமணி நேரத்துக்கு ஈடாகாது.

அந்த சீரியலில் ஒரு டீச்சர் வருவாளாம். மகாராணிக்கு அவள் என்றால் உயிர். கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது. அதனால் குருவி வீட்டில் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பார்வையாளர் நேரத்தில் போய் அம்மாவுக்குக் கதை சொல்லுவாளாம். அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது.

"நடுவுல டீச்சருக்கு உடம்பு முடியாமப் போச்சு. செத்துட்டா. அதை எப்படி நான் அம்மாகிட்ட சொல்றது?"

"என்ன சொன்னே?"

"குணமாகி வீட்டுக்கு வந்துட்டான்னு சொன்னேன். அம்மா சிரிச்சாங்க. வந்தப்ப வீட்ல எல்லாரும் இருந்தாங்களான்னு கேட்டாங்க. எல்லாரும் இருந்தாங்கன்னு சொன்னேன். அதுக்கு அடுத்த நாள் அம்மா இல்ல." நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "பொய் சொல்லி அனுப்பிட்டேன். அதான் அவங்க பேர்லயே போட்டு, அந்த ஓரத்துல அவங்க உட்கார்ந்திருக்காங்கன்னு வச்சுக்கிட்டு, நிஜக் கதையைக் காட்டிட்டு இருந்தேன். கிளாஸுக்குப் போறேன்னு சொல்லிட்டு பின்கதவு வழியா வந்துடுவேன். டீச்சர் போனதும் அந்த வீட்டுக்காரர் வேற ஒருத்தங்களைக் கூட்டிட்டு வருவாரு. அவங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு அம்மாவுக்குத் தெரியணும்ல?"

"நல்லவங்களா?"

"தெரியல. நல்லவங்க மாதிரிதான் இருந்தாங்க. ஒருநாள் டீச்சர் போட்டோவைச் சுவத்துலேர்ந்து கழட்டிட்டாங்க. ஏன் கழட்டினாங்கன்னு அடுத்ததுலதான் வரும். அம்மா அதைப் பார்க்க வேணாம்னு அங்கேயே நிறுத்திட்டேன்."

"நான் ஏன் எடுத்தேன்னு சொல்லட்டுமா? பயம். இந்த வீட்ல எனக்கு இடமே இல்லையோங்கிற பயம். அவங்க இன்னும் இங்க உட்கார்ந்து பாக்கிறாங்களோங்கிற பயம். செவ்வாய்க்கிழமை நான் வந்தப்ப குரல் கேட்டது. நீதான்னு தெரியாம, நேத்துப் பார்த்த கணக்கையும் பார்த்ததும் எனக்குப் புத்தி மழுங்கிப் போச்சு."

குருவி தலையை நிமிர்த்தினாள்.

"நேத்தா?"

"நேத்து, முந்தாநாள், செவ்வாய்க்கிழமை. நானூத்திப் பன்னிரண்டுல நின்னிருந்தது."

"நான் நிறுத்தி ரெண்டு மாசம் ஆச்சு," என்றாள். "முந்நூத்து எழுபதுலயே நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் நான் பின்கதவைத் தொட்டதுகூட இல்ல. கிளாஸுக்குத்தான் போறேன். வேணும்னா மிஸ்ஸைக் கேளுங்க."

பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்பா பார்த்திருப்பாரா என்று அவள் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டார் என்றேன். அவர் சொன்னது நிஜமா என்று இருவரும் யோசித்தோம், வாயால் கேட்டுக்கொள்ளவில்லை.

வெயில் பால்கனிப் பக்கம் சாய்ந்திருந்தது. புது டிவி எதையும் செய்யாமல், 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அணைக்க ரிமோட்டை எடுத்தேன், எந்த பட்டன் என்று தெரியவில்லை. குருவி என் கையிலிருந்து வாங்கி அணைத்தாள். ஷட்டரையும் அவளே போய் மூடினாள். இடது ஓரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது சுற்றிக்கொண்டு போனாள், வரும்போதும் சுற்றிக்கொண்டு வந்தாள்.

வந்தவள் தன் பழைய இடத்தில் உட்காரவில்லை. என்னை ஒட்டி, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"இன்னிக்கு மட்டும் உங்க ரூம்ல படுத்துக்கவா?"

பத்து மாதமாக நான் எதற்குக் காத்திருந்தேனோ, அது வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. என்மேல் பிரியத்தில் வரவில்லை. பெற்ற அம்மாவுக்குப் பயந்து வந்திருக்கிறாள். நாற்பது நாள் தன் பிள்ளையிடம் கதை கேட்டுவிட்டுப் போன ஒருத்தியிடமிருந்து, இந்த ஒரு மத்தியானத்தில் நான் அந்தப் பிள்ளையைப் பிரித்துவிட்டேன். அது தெரிந்தும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

"வா," என்றேன்.